என்ற பேரை அந்த லெட்டர்பேடுல இருந்து எடுங்க

ஞாயித்துக்கிழமை பல்லடம் பக்கம் பெரியப்பா தோட்டத்துக்குப் போயிருந்தேன். மாடியில சோலார் போடறதுக்கு வந்த கொட்டேசனைக் கையில குடுத்து, "ஏஞ்சாமி, இதுல உன்ற பேரு இருக்குது. நீதான் வந்து மாட்டறயா?"ன்னார்.

பாத்தா, நான் மூணு வருசத்துக்கு முந்தியே விட்டுட்டு வந்த கம்பெனி. பின்னால பின் அடிச்சிருந்தது, சோலார் மாட்டறதுக்குப் படிச்சு நான் வாங்குன சூர்யமித்ரா சான்றிதழோட ஜெராக்ஸ். மேல கொட்டை எழுத்துல "சூர்யமித்ரா சான்று பெற்ற நிறுவனம்".

அப்படி ஒரு நிறுவனமே கிடையாதுங்க. 2015-ல மத்திய அரசு ஆரம்பிச்ச பயிற்சி அது. 600 மணி நேரம், மூணு மாசம் உக்காந்து படிச்சு, பரீட்சை எழுதுன ஆளுக்குத்தான் அந்தக் காயிதம். கம்பெனியா வந்து வகுப்புல உக்காந்துச்சு? அமெரிக்காவுல நாப்செப்னு ஒரு வாரியம் சோலார் மாட்டறவங்களுக்குக் குடுக்கற சான்றிதழும் ஆளுக்குத்தான், அதையும் மூணு வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். இதே லெட்டர்பேடுல ஐஎஸ்ஓ 9001 முத்திரை வேற. அது ஆபீஸ் நடத்தற முறைக்குக் குடுக்கறது. கூரை ஏறுறவனுக்கு வேலை தெரியுமான்னு அது சொல்லாது.

ஒரு ஜெராக்ஸுக்கு இத்தனை கோவமான்னு கேக்கறவங்களுக்கு: போன மாசம் காங்கயம் பக்கம் ஒரு வீட்டுல, கரண்டு உற்பத்தி விட்டு விட்டு வருதுன்னு கூப்பிட்டாங்க. 540 வாட் பேனல் ஆறு, ஒரே வரிசை. வெயில்ல 300 வோல்ட்டுக்குப் பக்கம் டிசி, அதாவது ஒரே திசையில ஓடற கரண்டு. லைனைத் துண்டிக்கற ஐசொலேட்டர் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, பேனல் வயரை இணைக்கற எம்சி4 கனெக்டரை லேசா இழுத்தேன், வயர் கையோட வந்துருச்சு. வயரைக் கனெக்டர் பின்னோட சேத்து இறுக்கற கிரிம்பிங் டூல்ல அழுத்த வேண்டியதைக் கட்டிங் பிளேயர்ல நசுக்கி விட்டிருக்கறாங்க. பிளாஸ்டிக் ஒரு பக்கம் பழுப்பேறி உருகியிருந்துச்சு. வீட்டு லைன்ல வர்ற ஏசி கரண்டுல பொறி வந்தா, கரண்டு விநாடிக்கு 100 தடவை சைபரைத் தொட்டுட்டுப் போறதால அணைய ஒரு வழி இருக்குது. டிசியில அந்த இடைவெளியே இல்லை, புடிச்சா நின்னு எரியும். கீழ மாட்டுக்கு வெச்சிருந்த சோளத்தட்டுப் போரு.

அந்த வீட்டுக் கொட்டேசன்லயும் ஒரு சான்றிதழ் இருந்துச்சு. அதுல பேரு இருந்த பையன் ஒரு நாள்கூட அங்க வரலையாம். ஏறுனது நேத்து வரைக்கும் தறி ஓட்டிட்டு இருந்த ரெண்டு பேரு. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், யாரும் சொல்லித்தரலை.

3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம்னு வந்ததுக்கப்பறம் எங்க பக்கம் ஜவுளிக்கடைக்காரர்கூட சோலார் ஏஜென்சி எடுத்துட்டார். எடுக்கட்டும். மாட்டற கை யாருது?

பெரியப்பாகிட்டச் சொல்லிட்டேன். காயிதத்துல பேரு இருக்கறவன் அன்னைக்குக் கூரையில நிக்கணும். அவன் பையில கிரிம்பிங் டூல் இருக்குதான்னு பாருங்க. இல்லைன்னா டீயக் குடுத்து அனுப்பிருங்க.

கம்பெனிக்குப் ஃபோன் போட்டேன். "உங்களுக்கும் ஒரு விளம்பரம்தானுங்களே தம்பி"ங்கறாரு ஓனர். நாளைக்கு ரிஜிஸ்டர் தபால் போகுது. கொட்டேசன் என்கிட்டயேதான் இருக்குது.