டஸ்டர் எல்லாமே நான்கு சக்கர இயக்கமா?

ஐப்பசி மழை தொடங்கினால் பழைய கார் தரகர்களுக்குக் கற்பனை பெருகிவிடும். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது: “ரெனால்ட் டஸ்டர் எல்லாமே நான்கு சக்கர இயக்கம். தரையிலிருந்து 205 மி.மீ. உயரம். வாய்க்கால் உடைந்து சாலையில் ஓடினாலும் தைரியமாக இறக்கலாம்.”

உயரம் ஏறக்குறைய சரி. மற்றவை தவறு.

ரெனால்ட் குழுமத்தைச் சேர்ந்த ருமேனியாவின் டாச்சியா நிறுவனம் உருவாக்கிய இந்த வண்டி, 2012-இல் சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகி இந்தியச் சந்தைக்கு வந்தது. அப்போது வந்தவை அனைத்தும் முன்சக்கர இயக்கம்தான்; எஞ்சின் விசை முன் இரு சக்கரங்களுக்கு மட்டும் போகும். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வகை 2014-இல், 110 குதிரைத்திறன் கொண்ட 1.5 லிட்டர் டீசலில் மட்டும் சேர்ந்தது. அதே 110 எஞ்சினில் முன்சக்கர வண்டிகளும் உண்டு. எனவே பின்கதவில் உள்ள எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். கியர் தண்டுக்கு அருகில் ‘ஆட்டோ’, ‘லாக்’ என்று திருகும் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குனிந்து, பின் அச்சுக்குச் சுழல்தண்டு போகிறதா என்றும் பாருங்கள். வேட்டியில் சேறு பட்டால் பரவாயில்லை, பல லட்ச ரூபாய் விஷயம்.

தரை இடைவெளி என்பது மேடு பள்ளத்தில் அடிப்பாகம் இடிக்காமல் இருப்பதற்கான அளவு. நீரில் இறங்கும் ஆழம் அல்ல. காற்று உறிஞ்சும் குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால், பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத்தண்டு வளைந்துவிடும். நான்கு சக்கர இயக்கம் இருந்தாலும் அது நடக்கும்.