மலரில் வராத இரண்டு கசற்றுகள்

கிளப் இசை செய்கிற நான் மண்ணை மறந்துவிட்டேன் என்று, விழா மலரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் சனிக்கிழமை மேடையில் வருத்தப்பட்டதைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். அந்த நாற்பது விநாடி வீடியோவை எனக்கே பதினேழு பேர் அனுப்பியிருக்கிறார்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று இரவு அம்மா சோறு போட்டுக்கொண்டே, "மாமான்ர தவில் கசற்றை நீ மறந்துபோனியோ தம்பி?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் மறக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்தது ஆறு. மலரில் வந்தது நான்கு.

"உங்களை உருவாக்கிய இசைத்தட்டுகள் எவை" என்று கேட்டு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். நான் அனுப்பிய பட்டியல் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. முதலாவது, யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில். இரண்டாவது, நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய ஈழத்து பொப் பாட்டுகள். பிறகு டொனா சம்மரின் டிஸ்கோ பாட்டு 'ஐ ஃபீல் லவ்', கிங் டபியும் ஒகஸ்டஸ் பாப்லோவும் சேர்ந்த ஜமெய்க்கா டப் தட்டு, ஃபியூச்சர் என்ற சிக்காகோ குழுவின் 'ஆசிட் ட்ராக்ஸ்', சரண்ஜித் சிங் பம்பாயில் டிஸ்கோ தாளத்துக்கு வாசித்த பத்து ராகங்கள். முதல் இரண்டையும் எடுத்துவிட்டு மிச்சத்தை அச்சடித்திருக்கிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பெரியவர், "எங்கட மண்ணில இருந்து இந்தப் பிள்ளைக்கு ஒண்டுகூட ஞாபகம் வரேல்லை" என்று வருத்தப்பட்டார். மண்டபம் கைதட்டியது. அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் இருந்ததை வாசித்தார், உண்மையாகவே வருந்தினார். மலர் தயாரித்தவர்களிடம் பிறகு கேட்டேன். "தவிலைக் கொண்டுபோய் கிளப் பாட்டுக்குப் பக்கத்தில போட்டா சனம் என்ன சொல்லும் தம்பி?" பொப் பாட்டு ஏன் இல்லை என்று கேட்டதற்கு, "இடம் காணேல்லை" என்றார்கள். என் மண்ணை என் பக்கத்திலிருந்து அவர்களே வெட்டினார்கள். மண்ணை மறந்தவன் என்ற பெயர் எனக்கு வந்திருக்கிறது. வெட்டியது நான் இல்லை. இதை எத்தனை தரம் வேண்டுமானாலும் எழுதுவேன்.

மாமாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் றேடியோ திருத்துவார். 1990க்குப் பிறகு யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை ரயரில் முட்டவிட்டு, அதிலிருந்து வயர் இழுத்து ரேப் றெக்கோடருக்குக் கொடுப்பார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. அப்போது எனக்கு எட்டு வயது. கை சோர்ந்தால் பாட்டும் சோரும். தவில் மெதுவாகும், சுருதி இறங்கும். "சுத்தடா, சுத்தடா" என்பார். வேகம் பிடித்ததும் சுருதி வளைந்து மேலே ஏறும்.

என்னுடைய ட்ராக்குகளில் சுருதி மெல்ல வழுக்கி ஏறி இறங்கும். அது எந்த மென்பொருள் என்று வெளியூர் டீஜேக்கள் கேட்டிருக்கிறார்கள். அது மென்பொருளில் இருந்து வந்ததில்லை. என் எட்டு வயதுக் கை அது.

அந்தக் கசற், ஒரு கோயில் திருவிழா மேளச்சமா, அதாவது நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கிற கச்சேரி. தெட்சணாமூர்த்தி 1975இல் இறந்துவிட்டார், நான் பிறக்கவே இல்லை. யாரோ ஸ்பூல் ரேப்பில் பிடித்ததை யாரோ கசற்றில் ஏற்றி, அதிலிருந்து மாமா எடுத்த பிரதி. நடுவில் கோயில் மணி அடிக்கும். ஒருவர் இருமுவார். அந்த இருமல் எந்த இடத்தில் வரும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

'ஆசிட் ட்ராக்ஸ்' வந்த கதையைக் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். லண்டனில் இருந்த பெரியம்மா கடிதத்துக்குப் பதிலாகக் கசற்றில் பேசி, கொழும்பு வழியாக வருபவர்களிடம் கொடுத்துவிடுவார். எல்லா வீட்டுக்கும் அப்படி ஏதாவது வந்திருக்கும். ஒருநாள் பெரியம்மாவின் குரல், "சரி, வைக்கிறன்" என்று முடிந்தது. கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அடியில் இருந்த பழைய பதிவு வெளியே வந்தது. பெரியம்மா வீட்டு அண்ணா பாட்டுப் பிடித்து வைத்த கசற்றின் மேல்தான் பெரியம்மா பேசியிருக்கிறார். ஒரே சீரான அடி. அதன் மேல் தண்ணீருக்குள் இருந்து யாரோ கதைக்கிற மாதிரி ஒரு சத்தம், நெளிந்து நெளிந்து. அம்மா நிப்பாட்டச் சொன்னார். மாமா நிப்பாட்டவில்லை. பின்னால் சுற்றி மறுபடி போட்டார். "இது என்ன வாத்தியம்? ஆர் வாசிக்கினம்?" என்றார். அதை முடித்துவிட்டு அதே விறாந்தையில், அதே சைக்கிளில், தவில் கசற்றைப் போட்டார்.

அதன் பெயரே 2008இல்தான் எனக்குத் தெரிந்தது. சிக்காகோ, 1987. வாசித்தது ரோலண்ட் டிபி-303 என்ற சின்னப் பெட்டி. பேஸ் கிற்றார்க்காரர் இல்லாத இடத்தில் அவருக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம் என்று 1981இல் விற்பனைக்கு விட்டார்கள். கிற்றார் மாதிரியே கேட்கவில்லை. அதிகம் பேர் வாங்கவில்லை. 1984இல் நிறுத்திவிட்டார்கள். பிறகு பழைய சாமான் விலைக்குப் போனதை ஃபியூச்சர் பெடியள் எடுத்து, திருகக்கூடாத அளவுக்குத் திருகினார்கள். மாமா இருந்திருந்தால் முதலில் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்திருப்பார். கிங் டபியும் கிங்ஸ்டனில் ரேடியோ திருத்தியவர்தான். அவருடைய படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மாமாவின் மேசைதான் ஞாபகம் வந்தது.

ஒரே விறாந்தை. ஒரே காது. இதை இரண்டு பட்டியலாக எப்படிப் பிரிப்பது?

இனி எதிர்த்து எழுதியவர்களுக்கு.

"கிளப் என்றால் குடியும் தூளும்." இதற்கு நீளமான பதில் கிடையாது. நான் குடிப்பதில்லை. என் நிகழ்ச்சிக்கு என் அம்மா வருவார்.

"இது வெள்ளைக்காரன் இசை." இல்லை. சிக்காகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் 1977இலிருந்து ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற டீஜே தட்டுப் போட்டார். வந்து ஆடியவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். அவர்களில் பலர் தன்பாலீர்ப்பினர், வேறு இடங்களில் ஒதுக்கப்பட்டவர்கள். 1979இல் அதே நகரத்தில் ஒரு விளையாட்டு மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதற்குப் பிறகும் அவர்கள் ஆடினார்கள். இந்தக் கதை யாழ்ப்பாணத்தானுக்கு விளங்காது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சரண்ஜித் சிங் அந்தத் தட்டைப் பதிவு செய்தது 1982இல். இதே 303, கூடவே 808 என்ற ரோலண்ட் தாளப் பெட்டி. பைரவ் ராகமும் கலாவதியும் அந்தப் பெட்டிகளில் ஓடின. 'ஆசிட் ட்ராக்ஸ்' வருவதற்கு ஐந்து வருடம் முன்னால். 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் அவரைத் தேடி வந்தது.

பொப் பாட்டுக்கும் அந்தக் காலத்தில் இதே ஏச்சுத்தான் கிடைத்தது என்று மாமா சொல்வார். 'சின்ன மாமியே' இல்லாமல் இப்போது உங்கள் வீட்டுக் கலியாணம் நடக்கிறதா?

ஒரு கேள்வி மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. தவில் படித்த ஒரு தம்பி உள்பெட்டியில் எழுதியிருந்தார்: "அண்ணா, அவர் ஒருக்கா வாசிச்சதைத் திரும்ப வாசிக்கமாட்டார். நீங்கள் அதை வெட்டி லூப்பில சுத்தவிட்டா அது தவிலோ?" நியாயமான கேள்வி. பலர் ஏசியதை விட இது ஆழமாகத் தைத்தது.

தம்பி, நான் தெட்சணாமூர்த்தியின் வாசிப்பை ஒருபோதும் வெட்டி சாம்பிள் எடுக்கவில்லை. எடுக்கக் கை வரவில்லை. நான் எடுத்தது கணக்கை. 808இல் ஒரு சுற்றுக்குப் பதினாறு படி. அதற்குள் கண்டத்தை, ஐந்தை, விட்டுப்பாருங்கள். பதினாறுக்குள் ஐந்து அடங்காது. ஒவ்வொரு சுற்றிலும் வேறு இடத்தில் விழும். ஐந்து சுற்றுப் போய், எண்பது படி முடிந்த பிறகுதான் இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்கும். இன்னொன்று, இரண்டாவது படியில் தொடங்கி ஐந்தை மூன்று தரம் வைத்தால், அடுத்த சுற்றின் முதல் அடியில், சமத்தில், வந்து இறங்கும். தாளக் கோர்வை முடிகிற முறை இதுதான். பெர்லினில் இருந்து வந்த ஒரு பெண் கொழும்பில் அதைக் கேட்டுவிட்டு அந்த இடத்தில் சரியாகக் கால் வைத்தாள். யாரும் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. மாமா தொடையில் தட்டிக்காட்டியது மட்டும்தான். ஆனாலும் தம்பி, லூப் லூப்தான். நீங்கள் சொன்னதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள்.

'ஐ ஃபீல் லவ்' கேட்கிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். 1977இல் மியூனிக்கில் இசைத் தயாரிப்பாளர் மொரோடர் செய்தது. அதில் பேஸ் ஒரு பக்க ஸ்பீக்கரில் வரும், அதன் எதிரொலி மற்றப் பக்கத்தில் வரும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்த ஓட்டம். ஒரு ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டால் பாட்டு நொண்டும். என் பக்கத்துக்கு நீங்கள் செய்தது அதுதான். ஒரு ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பாட்டு நொண்டுகிறது என்று மேடையில் சொன்னீர்கள். அம்மாவுக்கு முன்னால்.

மன்னிப்பு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. திருத்தம் போடுவதாகச் சொன்னார்கள், போடட்டும். ஆனால் இந்த மூன்று நாளாக எனக்குள் கிடந்து அரிப்பது மலர் இல்லை. மாமாவின் பெயர் ஒரு இடத்திலும் அச்சில் வந்ததில்லை. "மாமாவின் கசற்" என்று நான் எழுதியிருந்தேன். அது வந்திருந்தால், அவர் இருந்ததற்கு அச்சில் ஒரேயொரு சாட்சியாக அந்த இரண்டு சொல் இருந்திருக்கும்.

1995 ஒக்ரோபர் கடைசியில் யுத்தத்தால் நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது கசற்றுகளை பிஸ்கற் ரின்னில் போட்டு, பொலித்தீன் சுற்றி, கோடிப்புறத்தில் தாட்டுவிட்டுத்தான் மாமா வந்தார். அடுத்த வருடம் திரும்பி வந்து தோண்டினோம். ரின் இருந்தது. உள்ளே தண்ணீர். ரேப் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, கருமையாக, விரலில் வந்தது. தவில் கசற்றை மட்டும் பிரித்துக் காயவைத்துப் பார்த்தார். ஓடவில்லை. அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவும் இல்லை.

இதை வாசிப்பவர்களில் யாரிடமாவது தெட்சணாமூர்த்தியின் திருவிழா மேளச்சமாப் பதிவு, ஸ்பூலிலோ கசற்றிலோ, பழைய பெட்டிக்குள் கிடந்தால் சொல்லுங்கள். தனித்தவில் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கோயில் மணி அடிக்கும், மணி ஓய முதல் ஒருவர் இரண்டு தரம் இருமுவார். அப்படி இருந்தால் அதுதான். பிரதி எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவேன். இங்கே யாழ்ப்பாணத்து வலிகாமத்துக்குள் என்றால் சைக்கிளிலேயே வருகிறேன்.