குவாங்ஜு மக்கள் ஏன் தீ வைத்தார்கள்?

1980 மே 20 இரவு, ராணுவ ஆட்சியை எதிர்த்து மக்கள் எழுந்த தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் எம்.பி.சி. தொலைக்காட்சி நிலையத்தை மக்கள் கொளுத்தியதை 'ஊடகத்தின் மீதான தாக்குதல்' என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த நாளை நினைத்துப் பாருங்கள். தெருவில் பாராசூட் படையினர் மாணவர்களைத் தடியால் அடித்து, துப்பாக்கி முனைக் கத்தியால் குத்துகிறார்கள். மாலையில் டாக்சிக்காரர்களும் பேருந்து ஓட்டுநர்களும் முகப்பு விளக்குகளை எரியவிட்டு, ஹாரன் அடித்தபடி மக்களுக்கு ஆதரவாக, நகரின் முக்கியச் சாலையான கும்னம்னோவில் வரிசையாக வருகிறார்கள். வீட்டுக்குள் வந்து டிவியைப் போட்டால் வழக்கமான பொழுதுபோக்கு நிகழ்ச்சி! சொந்த ஊர் நிலையமே வாய் திறக்கவில்லை என்றால் வயிறு எரியாதா? மறுநாள் அரசுத் தொலைக்காட்சியான கே.பி.எஸ். நிலையமும் எரிந்தது.

அங்கே வேலை பார்த்தவர்களை மட்டும் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. ராணுவத் தணிக்கை தாண்டாமல் ஒரு செய்தியும் வெளியே போக முடியாது. அந்த மே 20 அன்றுதான் உள்ளூர் நாளிதழான சொன்னம் மேயில் செய்தியாளர்கள், கண்ணால் பார்த்ததில் ஒரு வரிகூட அச்சிட முடியாத வெட்கத்தில் பேனாவைக் கீழே வைக்கிறோம் என்று கூட்டாக ராஜினாமா எழுதினார்கள்.

அப்புறம், ஹின்ஸ்பீட்டரை நீங்கள் விட்டுவிட்டீர்கள். அந்த ஜெர்மன் ஒளிப்பதிவாளர் பிஸ்கட் டப்பாவில் ஒளித்து டோக்கியோவுக்குக் கொண்டுபோன படச்சுருள்தான் உலகத்துக்கு உண்மையைக் காட்டியது. 2016இல் அவர் இறந்த பிறகு, அவருடைய தலைமுடியையும் நகத்தையும் அந்த எழுச்சியில் பலியானவர்களைப் புதைத்த குவாங்ஜுவின் மங்வொல்தொங் கல்லறையில் புதைத்திருக்கிறார்கள்.