ஹீட்டரில் மாறாதது வாட்ஸ் இல்லை, ரெசிஸ்டன்ஸ்

"மஞ்சக்குப்பத்தில் சாயங்காலம் வோல்டேஜ் 180க்கு இறங்கிவிடுகிறது, 1000 வாட்ஸ் ஹீட்டர் அதை ஈடுகட்ட அதிக ஆம்பியர் இழுக்கிறது, அதனால்தான் பில் எகிறுகிறது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். வோல்டேஜ் இறங்குவது சரி, மற்றது தவறு.

ஹீட்டர் மேல் அச்சடித்த 1000 வாட்ஸ் 230 வோல்ட்டுக்கு மட்டும் பொருந்தும். உள்ளே சூடாகும் நிக்ரோம் கம்பியின் ரெசிஸ்டன்ஸ்தான், அதாவது கரண்டைத் தடுக்கும் அளவுதான், ஏறக்குறைய மாறாமல் இருப்பது. 230ன் வர்க்கத்தை 1000 வாட்ஸால் வகுத்தால் அது 52.9 ஓம் என்று வரும். இப்போது 180ஐ 52.9ஆல் வகுத்துப் பாருங்கள்: 3.4 ஆம்பியர். 230ல் ஓடியதோ 4.35. கரண்டும் குறைகிறது, வோல்டேஜும் குறைகிறது, இரண்டையும் பெருக்கினால் 612 வாட்ஸ்தான். பத்து நிமிஷத்தில் சுட்ட தண்ணீர் பதினாறு நிமிஷத்துக்கு மேல் எடுக்கும், அவ்வளவுதான். யூனிட் கிட்டத்தட்ட அதேதான். நேரம் நீள்வதால் வெளியே போகும் சூட்டுக்குக் கொஞ்சம் கூடலாம்.

அவர் சொன்னது போர்வெல் மோட்டாருக்குப் பெரும்பாலும் பொருந்தும். லோடு அப்படியே இருக்க வோல்டேஜ் விழுந்தால் அது கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும், உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் கருகுவதும் அதனால்தான். ஆனால் மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் வெறுமனே பெருக்கி வாட்ஸ் என்று சொல்லக் கூடாது, பவர் ஃபேக்டரையும் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் எவ்வளவு பங்கு உண்மையான வாட்ஸ் என்று காட்டும் எண்) சேர்த்துப் பெருக்க வேண்டும்.