சிகரெட்டுக்கு எச்சரிக்கை உண்டு, சித்திரவதைக்குக் கிடையாதா?

படத்தில் எவனாவது ஒரு பீடியைப் பற்ற வைத்தால் போதும், உடனே திரையின் அடியில் எழுத்து வந்து நிற்கிறது. 2012 அக்டோபரிலிருந்து இது சட்டம். அப்படிப்பட்ட படம் தொடங்கும்போதும் இடைவேளைக்கு அப்புறமும் புகையிலைக்கு எதிரான விளம்பரம் ஓடியே ஆக வேண்டும். ஒரு மாடோ கோழியோ வந்தால், இது கம்ப்யூட்டரில் செய்தது என்று காட்ட மூலையில் 'சிஜிஐ' என்று போடுகிறார்கள், எந்த மிருகத்தையும் துன்புறுத்தவில்லை என்று முதலிலேயே அட்டை காட்டுகிறார்கள். நல்லது, அதெல்லாம் இருக்கட்டும். ஆனால் அதே படத்தில் ஒரு சின்னப் பெண்ணை ஒருத்தன் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்துகிறான், கேமராவும் கூடவே உள்ளே போகிறது, அதற்கு முன்னால் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, எங்கேயும் யாரும் சொல்வதில்லை. ஏன்? கோழிக்கு இருக்கிற கரிசனம் படம் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குக் கிடையாதா?

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ஆதார் கார்டில் கேரளா, வீட்டில் பேசுவது தமிழ், தியேட்டருக்குப் போவதென்றால் தமிழ்ப் படத்துக்குப் பொள்ளாச்சி, மலையாளப் படத்துக்குப் பாலக்காடு. இரண்டு மொழிப் படமும் எங்களுக்குச் சொந்தப் படம்தான், அதனால் இந்தக் கொடுமையும் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்கிறது. சமீப வருஷங்களில் இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு எடுக்கிறார்கள். யார் படத்தில் பார்ப்பவன் அதிகம் நடுங்குகிறான் என்பதுதான் பந்தயம் போலிருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுந்தனார் குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரு படத்தைப் போட்டு, 'செம படம், எல்லாரும் சேர்ந்து பாருங்க, கண்டிப்பா மிஸ் பண்ணாதீங்க' என்று எழுதியிருந்தார். படத்தின் பெயர் வேண்டாம், இது அந்த ஒரு படத்தைப் பற்றிய பதிவு இல்லை. மத்தியானம் சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்தோம். அத்தை பீன்ஸ் நார் உரித்துக்கொண்டே பார்த்தார், என் மகள் அவர் மடியில் சாய்ந்திருந்தாள். முதல் பாதி முழுக்க கோயில் திருவிழா, அண்ணன் தங்கச்சி பாசம், நல்ல பாட்டு. இரண்டாம் பாதியில் திடீரென்று அந்தத் தங்கச்சி. நான் ரிமோட்டைத் தேடினேன், அது பீன்ஸ் முறத்துக்கு அடியில் கிடந்தது. எடுத்து அமுக்குவதற்குள் பார்க்க வேண்டாத எல்லாவற்றையும் பிள்ளை பார்த்துவிட்டாள். அத்தை ஒன்றும் பேசவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனவர் ராத்திரி வரைக்கும் அந்த டிவி இருக்கிற அறைக்கே வரவில்லை. மகள் மட்டும் என்னிடம் கேட்டாள், 'அம்மா, அந்த அக்காவுக்கு என்னாச்சு?' நான் என்ன சொல்ல? பத்து வயசுப் பிள்ளைக்கு இதை எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு தாய்க்கு ஒரு கணக்கு இருக்கும் இல்லையா, அதை எவனோ ஒரு டைரக்டர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டு ஹாலில் வந்து முடிவு செய்துவிட்டுப் போகிறான்.

கொழுந்தனாருக்குப் போன் போட்டேன். 'ஏன் தம்பி, இப்படி ஒரு சீன் இருக்குன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா?' என்றால், 'அண்ணி, அதைச் சொன்னா ஸ்பாய்லர் ஆயிடும்ல, அதுதானே படத்தோட ட்விஸ்ட்டே' என்கிறார். அப்புறம் அடுத்த வரி, 'சினிமாதானே அண்ணி, விடுங்க.'

இந்த இரண்டு பதிலையும் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

ஒரு குழந்தைக்கு நடக்கிற கொடுமை உங்களுக்கு ட்விஸ்ட்டா? அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் உங்கள் சுவாரசியம் போய்விடுமா? அந்தச் சீனில் இருக்கிற சுவாரசியம்தான் என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்! கொலைகாரன் யார் என்று நான் கேட்கவில்லை. முடிவு என்ன என்று கேட்கவில்லை. 'குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை காட்சி உண்டு' என்று ஒரு வரி எழுதினால் கதையில் எது கெட்டுப்போகிறது? அந்த ஒரு வரியில் உட்கார்ந்து போகிற கதை என்றால், அப்படியொரு கதையே வேண்டாம்.

'சினிமாதானே' என்கிறவர்களுக்கு இன்னொன்று. எங்கள் ஊரிலிருந்து வாளையாறு பக்கம்தான். 2017-ல் அங்கே என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. ஜனவரியில் பதின்மூன்று வயசு அக்காவை வீட்டில் பிணமாகப் பார்த்தார்கள், இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச்சில் ஒன்பது வயசுத் தங்கச்சி, அதே வீட்டில். இரண்டு பிள்ளைகளுமே பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். 2019-ல் குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கோர்ட் விடுவித்தது, 2021-ல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது, வழக்கு சிபிஐ வரைக்கும் போனது. அந்தப் பிள்ளைகளின் அம்மா நியாயம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்திருந்ததை அத்தை டிவியில் பார்த்துக்கொண்டே அழுதிருக்கிறார். வீட்டில் பெண் பிள்ளை இருக்கிற ஒவ்வொருத்தியும் இங்கே அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டுதான் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புகிறாள். எங்களுக்கு 'விழிப்புணர்வு' கொடுக்க ஒரு சினிமா தேவையே இல்லை, அதுவும் பின்னணி இசையோடு.

உடனே என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். எல்லாப் படமும் சிரித்துப் பாடிவிட்டுப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கனமான விஷயத்தைத் தொடுகிற படமும் புத்தகமும் வேண்டும், கட்டாயம் வேண்டும். கோயம்புத்தூர் ஆட்டோ டிரைவர் மு. சந்திரகுமார் தான் குண்டூர் போலீஸ் ஸ்டேஷனில் பட்டதை 'லாக்கப்' என்று எழுதினார், அதை வெற்றிமாறன் 'விசாரணை' என்று எடுத்தார், 2015-ல் வெனிஸ் திரைப்பட விழாவரை போனது, அடுத்த வருஷம் பிப்ரவரியில் இங்கே வந்தது. அதை நான் பார்த்தேன். பிழைக்கப் போன தமிழ்ப் பையன்களை மொழி தெரியாத ஊரில் செய்யாத குற்றத்தை ஒத்துக்கொள்ளச் சொல்லி அடிக்கிற அடி, அதைப் பார்க்கிறபோது வயிறு பிசைந்தது, ஆனால் நான் எழுந்து போகவில்லை. ஏனென்றால் என்ன பார்க்கப் போகிறேன் என்று தெரிந்து போனேன். மகளை அத்தையிடம் விட்டுவிட்டு, மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். எல்லை தாண்டி வேலைக்குப் போகிற சனங்கள் வீட்டுக்கு வீடு இருக்கிற எங்கள் பக்கத்தில் அந்தப் படம் ஒவ்வொருத்தரும் பார்க்க வேண்டிய படம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். சொல்லும்போது கூடவே 'லாக்கப் அடி ரொம்ப நேரம் வரும், பார்த்துக்கோ' என்றும் சொல்வேன். அதனால் எந்தப் படமும் செத்துப் போய்விடவில்லை.

'எரியும் பனிக்காடு' அப்படித்தான். வால்பாறைத் தோட்டத்தில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969-ல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேள் தமிழில் கொண்டுவந்தார். கங்காணி பேச்சை நம்பி மலையேறிய சனங்கள் காய்ச்சலிலும் குளிரிலும் பொத்துப் பொத்தென்று விழுகிற கதை. என் அம்மா வழிப் பாட்டியின் ஆட்கள் வால்பாறையில் தேயிலை கிள்ளியவர்கள், அதனால் எனக்கு அது வெறும் கதையாக இருக்கவே முடியாது. ராத்திரியில் அந்தப் புத்தகத்தை எடுக்க மாட்டேன், பகலில் பத்துப் பக்கம் படிப்பேன், மூடி வைப்பேன். அப்படித்தான் முடித்தேன். புத்தகத்தில் அந்தச் சுதந்திரமாவது நம் கையில் இருக்கிறது. தியேட்டரில் நடுவரிசையில் மாட்டிக்கொண்டால் கண்ணை மூடிக்கொண்டாலும் சத்தம் விடாது, இப்போது இருக்கிற ஸ்பீக்கரில் எலும்பு முறிகிற சத்தம் நம் பக்கத்து சீட்டிலிருந்து வருகிறது.

சரி, சட்டம் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்ததாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். 1952-ம் வருஷச் சினிமாச் சட்டத்தை 2023-ல் திருத்தி, சின்னப் பிள்ளைகள் பெரியவர் துணையோடு பார்க்கலாம் என்கிற யுஏ சான்றிதழ் மொத்தமாக ஒன்றாக இருந்ததை 7+, 13+, 16+ என்று பிரித்தார்கள். அது பெற்றோர் பார்த்து முடிவு செய்துகொள்வதற்காக மட்டும்தான் என்று சட்டமே சொல்கிறது. எதை வைத்து முடிவு செய்வது? 16+ என்றால் உள்ளே இருப்பது கெட்ட வார்த்தையா, கத்திக்குத்தா, பலாத்காரமா? போஸ்டரில் ஹீரோ தங்கச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார். அந்த நம்பரை மட்டும் பார்த்துத் தாய் என்ன கண்டுபிடிக்க முடியும்?

ஓடிடிக்காரர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று தொடக்கத்தில் காட்ட வேண்டும் என்று 2021-ல் விதி வந்தது. காட்டுகிறார்கள், பார்த்திருப்பீர்கள், இடது பக்க மூலையில், பொடி எழுத்தில், இங்கிலீஷில், நாலைந்து விநாடி. தமிழ்ப் படம், தமிழ்க் குடும்பம், எச்சரிக்கை மட்டும் இங்கிலீஷ். அத்தைக்கு மலையாளமும் தமிழும் தண்ணீர் பட்ட பாடு, இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியாது. அவருக்கு அந்த எச்சரிக்கை இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். இருபது கோடி, முப்பது கோடி போட்டுப் படம் எடுக்கிறவர்களுக்கு அந்த ஒரு வரியைத் தமிழில் அடிக்க ஆள் கிடைக்கவில்லையா?

இதில் எனக்கு ரொம்ப ஆத்திரம் வருகிற விஷயம் இது. இதே தமிழ்ப் படம் லண்டனில் ஓட வேண்டும் என்றால் அங்கே பிபிஎஃப்சி என்கிற அமைப்பு பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். அவர்கள் வயசு நம்பரோடு நிற்பதில்லை, படத்தில் கடும் வன்முறை இருக்கிறதா, பாலியல் மிரட்டல் இருக்கிறதா, தற்கொலை இருக்கிறதா என்று சுருக்கமாக எழுதியும் போடுகிறார்கள். கதையை உடைக்காமல்தான் எழுதுகிறார்கள். ஆக, லண்டனில் இருக்கிற தமிழனுக்குத் தெரிகிற ஒரு விஷயம், அந்தப் படத்தை எடுத்த ஊருக்குப் பக்கத்தில் பொள்ளாச்சியில் டிக்கெட் வாங்குகிற எனக்குத் தெரியக் கூடாது. முடியாத காரியம் எதுவும் இல்லை என்று இதிலேயே தெரிகிறதே, செய்ய மனசில்லை, அவ்வளவுதான்.

2024 டிசம்பரில் மலையாளத்தில் 'மார்க்கோ' வந்தது. அந்தப் படம் எனக்கு ஆகாது, ரத்தத்தை வைத்தே வியாபாரம் செய்கிற படம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இப்படித்தான் இருக்கும் என்று விளம்பரத்திலேயே தம்பட்டம் அடித்தார்கள், பெரியவர்களுக்கு மட்டும் என்கிற ஏ சான்றிதழ் வாங்கினார்கள், அதனால் நான் அந்தப் பக்கமே போகவில்லை. அப்படியும் தெரிந்த ஒரு குடும்பம் நாலாம் வகுப்புப் பையனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தது, ஏ படத்துக்கு அந்தப் பிள்ளையை உள்ளே விட்ட தியேட்டர்காரரை என்ன சொல்வது! டிக்கெட் கிழிக்கிறவர் நிமிர்ந்து பார்த்திருந்தாலே போதும்.

அப்புறம் இந்த வீராதி வீரர்கள். 'ரெண்டு நாள் தூங்கல, மரண மாஸ், மஸ்ட் வாட்ச்' என்று எழுதுகிறவர்கள். தூங்க முடியாமல் போனது உங்களுக்குப் பெருமையாக இருக்கலாம். தாங்க முடியாமல் எழுந்து போனவர்களைக் கோழை என்று கேலி செய்ய உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அப்படி எழுந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது சொந்த உடம்பில் நடந்த விஷயம் என்று உங்களுக்குத் தெரியுமா? அடி வாங்கி வாழ்ந்தவளுக்குத் திரையில் பெல்ட்டைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் யோசித்தீர்களா? அவள் காசு கொடுத்து டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து திரும்ப அதையே அனுபவிக்க வேண்டுமா? சொல்லியிருந்தால் அவள் வந்திருக்க மாட்டாள், இல்லை, தயாராக வந்திருப்பாள். இரண்டில் எது என்று முடிவு செய்ய வேண்டியது அவள்தான்.

புத்தகத்தில் நிலைமை இன்னும் மோசம், எச்சரிக்கை என்று எதுவுமே கிடையாது. பின்னட்டையில் 'வாசகனை உலுக்கும்', 'உறைய வைக்கும்' என்று எழுதுகிறார்கள், எதனால் உறைய வேண்டும் என்று எழுத மாட்டார்கள்.

எங்கள் ஊர் வாசகசாலையில் ஒரு சேச்சி இருக்கிறார், மலையாளி, ஆனால் தமிழ் அலமாரியும் அத்துப்படி. பென்யாமினின் 'ஆடு ஜீவிதம்' கேட்டுப் போனேன். ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னார், 'பாலைவனத்துல ஒருத்தனை ஆட்டோட ஆடா அடைச்சு வச்சிருக்கிற கதை, ரொம்பக் கஷ்டமா இருக்கும் மோளே. உன் வீட்டுக்காரர் கல்ஃப்ல இருக்காரா?' இல்லை என்றேன். 'அப்ப சரி, கொண்டு போ. கல்ஃப்ல ஆள் இருக்கிற வீட்டுப் பொண்ணுங்க கேட்டா நான் ஒரு வார்த்தை சொல்லித்தான் கொடுப்பேன், அப்புறம் ராத்திரி எல்லாம் போனைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கும்.' அவ்வளவுதான் சொன்னார். கதை உடையவில்லை, புத்தகத்தின் மரியாதையும் குறையவில்லை, நான் அதை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். சம்பளம் எவ்வளவு வாங்குகிறாரோ தெரியாத ஒரு சேச்சிக்கு இருக்கிற அந்தப் பக்குவம், கோடி கோடியாகக் கொட்டுகிற கம்பெனிகளுக்கும் லட்சக்கணக்கில் பார்வையாளர்களை வைத்திருக்கிற விமர்சகர்களுக்கும் ஏன் வரவில்லை?

விமர்சனம் செய்கிறவர்கள் இருபது நிமிஷம் பேசுகிறீர்கள். ஒளிப்பதிவு, எடிட்டிங், இரண்டாம் பாதி தொய்வு, எல்லாம் பேசுகிறீர்கள். அந்த இருபது நிமிஷத்தில் பத்து விநாடி ஒதுக்கி, இதில் குழந்தைக் கொடுமை இருக்கிறது, தற்கொலை இருக்கிறது, லாக்கப் அடி இருக்கிறது என்று தமிழில் சொல்லுங்கள். படம் எடுக்கிறவர்கள் புகையிலை விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே அதையும் தமிழில் எழுதிப் போடுங்கள், படிக்கிற வேகத்துக்கு நிற்கிற மாதிரி போடுங்கள். டிக்கெட் புக் பண்ணுகிற பக்கத்திலும் போடுங்கள், காசு கட்டுவதற்கு முன்னால் தெரிய வேண்டும்.

கொழுந்தனாருக்கும் சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதுகிறேன். இனிமேல் நம் குடும்ப குரூப்பில் படம் போட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று சேர்த்துப் போடு தம்பி. போட முடியாதென்றால் உன் பிரெண்ட்ஸ் குரூப்பில் போட்டுக்கொள், எங்கள் குரூப்பில் போடாதே.