ஊக்கத்தொகை தாமதமானால் அபராதம் கட்டுவது யார்?

முனைவர் பட்ட ஆய்வாளர் என்றாலே பெற்றோர் செலவில் படிக்கும் பிள்ளை என்றுதான் நம் உயர்கல்வி நிர்வாகம் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளையின் ஊக்கத்தொகையில்தான் வீட்டு வாடகையும், அப்பாவின் சர்க்கரை மாத்திரையும், தங்கையின் கல்லூரிக் கட்டணமும் அடங்கியிருக்கின்றன என்ற செய்தியை எழுதுவதற்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வாளர் ஊக்கத்தொகை பெற்றவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய் என்று 2023 ஜனவரி முதல் உயர்த்தினார்கள். அதற்கு முந்தைய உயர்வு 2019இல் வந்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் வாடகையும் மளிகையும் எங்கே போயின என்பது குடும்பம் நடத்தும் எல்லோருக்கும் தெரியும். தொகை போதுமா என்பதைக்கூட விட்டுவிடுகிறேன். அது எந்த மாதம் வரும் என்று எவராலும் சொல்ல முடியவில்லை என்பதுதான் என் ஆத்திரம். மாதந்தோறும் வருகைச் சான்று எழுதி, நெறியாளரிடம் கையொப்பம் வாங்கி, துறைத் தலைவரிடம் மற்றொரு கையொப்பம் வாங்கி, அலுவலகப் பிரிவில் கொடுத்துவிட்டு வந்தால், அங்கே ஒருவர் அதை இணையத்தில் பதிவேற்ற வேண்டும், வேறொருவர் அதற்கு ஒப்புதல் அளிக்க வேண்டும். இந்த இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலும் அந்த மாதம் போயிற்று. பிரிவில் போய்க் கேட்டால், "எப்படியும் மொத்தமாக வந்துவிடும், ஏன் அவசரப்படுகிறீர்கள்?" என்கிறார்கள். மூன்று மாதத் தொகை மொத்தமாக வரும்போது, அதில் ஒரு பகுதி அம்மாவின் வளையலை மீட்பதற்கும் அந்த அடகின் வட்டிக்கும் போய்விடுகிறது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? இரண்டாம் ஆண்டு முடிவில் மதிப்பீட்டுக் குழு கூடி, வேலை திருப்தி என்று எழுதிக் கொடுத்தால்தான் உயர்ந்த தொகை கிடைக்கும். அந்தக் குழுவுக்கு வெளியிலிருந்து வரவேண்டிய நிபுணருக்குத் தேதி ஒத்துவராவிட்டால், அதற்கும் காத்திருப்பது ஆய்வாளர்தான்.

இதே பல்கலைக்கழகத்துக்கு நான் கட்டவேண்டிய ஆண்டுக் கட்டணம் ஒரு நாள் தாமதமானால் அபராதம் உண்டு. எனக்கு வரவேண்டியது எத்தனை மாதம் தாமதமானாலும் ஒரு ரூபாய் வட்டி கிடையாது, வருந்துகிறோம் என்று ஒரு வரிக் கடிதம்கூடக் கிடையாது.

சரி, மாலையில் ஒரு டியூஷன் மையத்தில் பாடம் எடுத்துச் சமாளிக்கலாம் என்றால், ஊக்கத்தொகை பெறுபவர் வேறு ஊதியம் எதுவும் பெறக்கூடாது என்கிறது விதி. முழுநேர ஆய்வு முழுநேரமாகவே நடக்கவேண்டும் என்ற அதன் நோக்கம் எனக்கு உடன்பாடானதே. ஆனால் அந்த விதியைப் போடுகிறவர்களுக்கு, மாதம் பிறந்ததும் பணத்தைக் கொடுக்கும் கடமையும் இருக்கிறதல்லவா? வங்கியில் கடன் கேட்டுப் போனால் சம்பளச் சீட்டு எங்கே என்கிறார்கள்; அங்கே நாங்கள் மாணவர்கள். தேர்வு அறைக் கண்காணிப்புக்கும், கருத்தரங்கு விருந்தினரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வருவதற்கும், துறையின் தரமதிப்பீட்டுக் கோப்புகளைத் தயாரிப்பதற்கும் ஆள் தேவைப்படும்போது மட்டும் நாங்கள் ஊழியர்கள் ஆகிவிடுகிறோம்.

ஜே.ஆர்.எஃப். இல்லாதவர்களின் நிலை இதைவிட மோசம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாதோருக்கான மாத ஊக்கத்தொகை 8,000 ரூபாய் 2012இலிருந்து அப்படியே நிற்கிறது; மாநிலப் பல்கலைக்கழகங்களில் பலருக்கு அதுவும் இல்லை. என் நண்பர்கள் சிலர் பகுதிநேரமாகப் பதிவு செய்துகொண்டு, பகல் முழுவதும் கௌரவ விரிவுரையாளராக வகுப்பெடுத்துவிட்டு, வீடு அடங்கிய பிறகு ஆய்வேட்டைத் திறக்கிறார்கள்.

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் முனைவர் பட்டத்துக்கு ஆறு ஆண்டுகள் வரை அனுமதிக்கின்றன, மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டுகள். ஊக்கத்தொகையோ ஐந்து ஆண்டுகளோடு நின்றுவிடும். ஆய்வேட்டை எழுதி முடிக்கும் ஆறாம் ஆண்டில், எந்தப் பக்கமும் திரும்ப முடியாத அந்த நேரத்தில், வீட்டுக்கு வரும் பணம் அடியோடு நின்றுபோகிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபின் மதிப்பீட்டாளர் அறிக்கைகளுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் காத்திருக்கும் மாதங்கள் தனி. ஊக்கத்தொகையை மாதத்தின் முதல் வாரத்தில் தாருங்கள், தாமதமானால் வட்டியோடு தாருங்கள், வாய்மொழித் தேர்வு முடியும்வரை தாருங்கள். இவற்றைக் கேட்பதற்காக ஒவ்வொரு மாதமும் ஓர் அலுவலக வாசலில் நின்று கெஞ்ச என்னால் இனி முடியாது.