பிரசங்க பீடத்துக்கு முன்னால் ஜமக்காளம்

குருமாரைப் பயிற்றுவிக்கும் செமினரியில் படிக்கிற தம்பி ஒருவர் ஒரு வருஷ ஊழியப் பயிற்சிக்காகப் போன ஜூனில் காவேரிப்பட்டணம் பக்கமுள்ள எங்கள் சபைக்கு வந்தார். வந்த முதல் ஞாயிறே அங்கி மாட்டிப் பீடத்தில் ஏற்றிவிட்டோம். ரோமர் மூன்றாம் அதிகாரம். விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல். கிரேக்கச் சொல் இரண்டு, ஜெர்மன் அறிஞர் பெயர் நாலு, முழுசாக நாற்பத்தைந்து நிமிஷம். சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் பெஞ்சில் இருந்த யாருக்கும் அது வந்து சேரவில்லை.

மதியம் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது அவரே சொன்னார்: "டீச்சர், கிளாஸ்ல எல்லாமே இங்கிலீஷ்லதான் படிச்சேன். தமிழ்ல சொல்லப் போனா வார்த்தை நிக்குது." அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. முப்பத்தோரு வருஷம் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். படித்தது வேறு, சொல்லிக்கொடுக்கத் தெரிவது வேறு என்பதை என் முதல் வகுப்பிலேயே கற்றுக்கொண்டேன்.

நவம்பரில் எங்கள் சபைக் குருவான ஐயர், பிள்ளைகளை நற்கருணைக்குத் தயார்செய்கிற திடப்படுத்தல் வகுப்பை அவரிடம் கொடுத்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பிள்ளைகள் ஒன்பது பேர். ஞாயிறு சாயந்தரம் நாலு மணிக்குப் பீடத்துக்கு முன்னால் ஜமக்காளம் விரித்து உட்காருவார்கள். ஒத்தாசைக்கு நானும் ஓரமாக இருப்பேன். நான் எழுத வந்தது அந்த ஜமக்காளத்தைப் பற்றித்தான்.

ஜனவரியில் ஒரு நாள் இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தின் நாலாம் விண்ணப்பம் நடந்தது. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." ஆகாரம்னா என்ன என்று தம்பி கேட்டார். சோறு என்றான் ஒருவன். களி என்றான் இன்னொருவன். சத்துணவு முட்டை என்றாள் ஒரு சின்னப் பெண். தம்பி சிரித்துக்கொண்டே, சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் கேள்வி-பதிலாக எழுதிய ஞானோபதேசத்தை எடுத்து வாசித்தார். லூத்தர் அதில் சாப்பாட்டோடு நிறுத்தமாட்டார். உடுப்பு, செருப்பு, வீடு, நிலம், ஆடுமாடு, பணம், நல்ல அரசாங்கம், நல்ல பருவம், நல்ல அயலார் என்று அடுக்கிக்கொண்டே போவார்.

ஒரு பிள்ளை கை தூக்கினாள். "அண்ணா, மாம்பூ கொட்டாம இருக்கறதும் அதுல சேருமா?"

அந்த வாரம் முழுக்க மூடுபனியும் மேகமும். பூ கருகிக்கொண்டிருந்தது. அவள் அப்பா கடன் வாங்கித் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். தம்பி புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி, "நல்ல பருவம்னு இருக்கே, இதுதான் அது" என்று விரல் வைத்துக் காட்டினார். அவள் விடவில்லை. "அப்ப கொட்டிட்டா? ஆண்டவர் தரலைன்னு அர்த்தமா?"

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்கு இப்பச் சொல்லத் தெரியல பாப்பா. அடுத்த வாரம் சொல்றேன்" என்றார். அந்தப் பதிலுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

செவ்வாய்க்கிழமை அந்தத் தோப்புக்குப் போய் அவள் அப்பாவோடு பாதி நாள் இருந்தார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் பதினெட்டு நிமிஷம். 'எங்களுக்கு' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் பூ கொட்டிப்போயிருக்க, நம் வீட்டுக்கு மட்டும் ஆகாரம் கேட்டால் நாம் எந்த ஜெபத்தைச் செய்கிறோம் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அதோடு விட்டுவிடவில்லை. பூ கொட்டின தோப்பிலும் பிதா நம்மைப் பிள்ளைகள் என்றே அழைக்கிறார், விளைச்சலைப் பார்த்து அவர் அன்பை அளக்க வேண்டாம், சிலுவையைப் பாருங்கள் என்று முடித்தார். வழக்கமாகப் பிரசங்க நேரத்தில் வெளியே போய் நிற்கிற அந்த அப்பா கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

குற்றத்தை உணர்த்துகிற நியாயப்பிரமாணம், ஆறுதல் தருகிற சுவிசேஷம் என்று லூத்தரன் செமினரிகளில் பாடமாக நடத்துகிறார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அமெரிக்காவில் மிசூரி சினட் என்ற லூத்தரன் திருச்சபையின் செமினரியில் பேராசிரியர் வால்தர் 1884, 85-இல் வெள்ளிக்கிழமை சாயந்தரங்களில் மாணவர்களுக்கு இதே பொருளில் முப்பத்தொன்பது சொற்பொழிவு நடத்தினார். இரண்டையும் சரியாகப் பிரித்துச் சொல்வதுதான் ஊழியக்காரனுக்கு மிகக் கடினமான கலை என்றார். அதே சினட் அனுப்பிய மிஷனரிகள் நேதரும் மோனும்தான் 1895-இல் நம்ம கிருஷ்ணகிரியில் ஊழியத்தைத் தொடங்கினார்கள்.

அதனால் நான் கேட்பது இதுதான்: பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளை முதலில் பீடத்தில் ஏற்றாதீர்கள். ஞானோபதேச வகுப்பில் உட்காரவையுங்கள். வாரம் ஒரு சபைக்கு அனுப்பிப் பிரசங்கம் பண்ணவைப்பதைவிட, ஒரே சபையில் ஒரே பிள்ளைகளோடு ஒரு வருஷம் இருக்கட்டும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. லூத்தர் 1528-இல் சாக்சனிக் கிராமச் சபைகளைப் போய்ப் பார்த்தார். ஜனங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, குருமாரில் பலருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியவில்லை. அந்த வேதனையில்தான் 1529-இல் ஞானோபதேசம் எழுதினார். டாக்டர், பிரசங்கி என்று பெயரெடுத்த பிறகும் அதைத் தினமும் காலையில் குழந்தை மாதிரி வார்த்தை வார்த்தையாகச் சொல்வதாக அவரே எழுதியிருக்கிறார்.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவும் அப்படித்தான். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகினார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகிவந்தது. 1733-இல் குருப்பட்டம் பெற்ற தமிழரான ஆரோன் அதற்கு முன்னால் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார். உபதேசித்தவர்தான் குருவானார். இந்த வரிசையை நாம் ஏன் மாற்றினோம்?

கிரேக்கு, எபிரெயு எல்லாம் எதற்கு என்று கேட்கிறவள் இல்லை நான். கட்டாயம் வேண்டும். அன்றைக்கு 'எங்களுக்கு' என்ற சொல்லில் நிற்க அவருக்கு அந்தப் படிப்பும் உதவியிருக்கும். ஆனால் அந்தப் பெண் கேட்காமல் இருந்தால் அவர் அந்தச் சொல்லில் நின்றிருக்கவே மாட்டார். சபைகளும் கொஞ்சம் மாற வேண்டும். சத்தமாகக் கத்தினால்தான் நல்ல பிரசங்கி என்று மைக்கைக் கூட்டிவைக்கிறோம். யூடியூப்பில் கேட்டதையே இவரும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை பாவம், என்ன செய்யும்?

மே மாதம் இந்தத் தம்பி திரும்பிப் போகிறார். ஜூனில் இன்னொருவர் வருவாராம். முதல் மூன்று மாதம் அவரைப் பிரசங்கத்துக்குக் கூப்பிட வேண்டாம் என்று சபைக் கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேருக்குச் சம்மதமில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம். ஞாயிறு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். நாலு மணிக்கு ஜமக்காளம் விரித்திருக்கும்.